சும்மா இருக்கும் குச்சி

மார்ச் முழுக்கக் காற்றைத் திட்டினேன்.
பிடித்துத் தள்ளுகிறது,
ட்ரோன் இடப்பக்கமே நழுவுகிறது என்று
மச்சான் தூமனோல்ஸியிடம் சொன்னேன்,
தலன்ஸத்கத்தில் டீசல் போடும் பையனிடம்கூடச் சொன்னேன்.
கோபியில் காற்றின் மேல் பழி போட்டால்
யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

நாமுன்தான் கேட்டாள்,
கொதிக்கும் பாலை அகப்பையால் தூக்கி ஊற்றிக்கொண்டே:
"வடக்கே திருப்பினாலும் இடப்பக்கம்,
தெற்கே திருப்பினாலும் இடப்பக்கம்.
நீ திரும்பும்போதெல்லாம்
கூடவே திரும்பும் காற்றா அது?"

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.
குச்சிகளைத் தொடாமல் திரையைப் பார்த்தேன்.
இடக்குச்சி: சுழியம், சுழியம்.
வலக்குச்சி: சுழியம்,
கழித்தல் ஒன்பது.
யாரும் தொடாத குச்சி
யாரும் சொல்லாத ஒன்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மச்சானிடம் குறுக்குவழி இருந்தது.
நடுவில் கொஞ்சம் செவிடாக்கிவிடு,
பத்துக்குக் கீழே எதையும் கேட்காதபடி.
செய்து பார்த்தேன். நழுவல் நின்றது.
ஆனால் மெல்ல நகர் என்றால் நகரவில்லை,
பிறகு திடுக்கென்று பாய்ந்தது,
தூங்கும்போது எழுப்பப்பட்டவனைப் போல.
ஈனப்போகும் ஒட்டகத்தின் தலைக்கு மேலே
அப்படிப் பாயக்கூடாது.

அன்றிரவு பிரித்தோம்.
பின்பக்கம் ஆறு திருகு.
ஐந்தைத் தட்டில் வைத்தேன்.
ஆறாவது கம்பளத்துக்குள் போனது,
இன்னும் அங்கேயே இருக்கிறது.
நாமுன் டார்ச் பிடித்தாள்.
ரப்பர் தொப்பியைக் கழற்றினால்
உள்ளே ஒரு சின்னப் பாலைவனம்:
மாவுபோல் மணல்,
அச்சைச் சுற்றி மூன்று சுற்று
ஒரு ஒட்டக முடி.

ஊதாதே, என்றாள்,
ஊதினால் இன்னும் உள்ளே போகும்.
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
கருப்புத் தடத்தைத் துடைத்தேன்.
பஞ்சு சாம்பல் நிறமானது.
இன்னொன்று. இன்னொன்று.
முடியை ஊசிமுனையால் இழுத்தபோது
அது பழுப்பாய், நீளமாய்
வந்துகொண்டே இருந்தது.
யாருடையது என்று எனக்குத் தெரியும்.
ஒட்டகத்தின் மூக்கில் நாம் ஒரு குச்சி குத்துகிறோம்,
அது நம் குச்சிக்குள் ஒரு முடி வைக்கிறது.

சுருளை மாட்டி, மூடி,
அளவு திருத்தச் சொன்னது திரை.
நான்கு மூலைக்கும் கொண்டுபோ.
வட்டமாய்ச் சுற்று, அவசரப்படாதே.
இனி விடு.
விடுவதுதான் கடைசிப் படி.
விட்டேன்.
சுழியம், சுழியம்.
நாமுன் டார்ச்சை அணைத்தாள்.

விடிந்ததும் பறக்கவிட்டேன்.
வெள்ளை நெற்றிக்காரி
கூட்டத்தை விட்டுப் போய் இரண்டு நாள்.
அவர்கள் ஈனும்போது துணை தேட மாட்டார்கள்.
ட்ரோன் எழுந்தது, நின்றது,
பிறகு வலப்பக்கம் நழுவியது.

மறுபடி இறக்கினேன். திரையைப் பார்த்தேன்.
சுழியம், சுழியம்.
மறுபடி ஏற்றினேன். வலப்பக்கம்.

நாமுன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாள்.
என் வலது கட்டைவிரல்
ஒன்பதளவு சாய்ந்து
குச்சியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
நான் தள்ளவில்லை. சத்தியமாக.
அதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது,
ஒரு மாதமாய் இல்லாத காற்றோடு
மல்லுக்கட்டிப் பழகிய விரல்.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடம் நிஜமாகவே கோணல்தான்.
நிமிர்த்தியும் விட்டேன்.
அந்தக் கோணலுக்கு ஏற்றபடி
ஆடக் கற்ற காலை என்ன செய்ய?

இப்போது குச்சிகளுக்கு ஒரு பழைய காலுறை மாட்டியிருக்கிறேன்,
மணல் போகாமலிருக்க.
இரவில் அதைக் கழற்றி,
ட்ரோனை இயக்காமல்,
திரையை மட்டும் பார்த்துக்கொண்டு
விரலைக் குச்சிமேல் வைத்துச் சும்மா இருக்கப் பழகுகிறேன்.
நேற்று கூட்டல் நான்கு.
இன்று கூட்டல் மூன்று, தும்மியதால் ஏழு.

வெள்ளை நெற்றிக்காரியை நான் கண்டுபிடிக்கவில்லை.
மூன்றாம் நாள் அவளே வந்தாள்,
ஈரம் காயாத குட்டியோடு,
நான் ட்ரோனை அனுப்பாத திசையிலிருந்து.
நாமுன் பால் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
அன்று காற்று உண்மையாகவே அடித்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.